தோட்ட நிலத்தில் வீடு கட்டுவதற்கு முன்: சுங்கை சிப்புட்டிலிருந்து சில யோசனைகள்

தாத்தா இங்கே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பால்மரம் சீவினார். அப்பா லோரியில் மணல் ஏற்றி, பிறகு வரிசை வீடுகள் கட்டினார். இப்போது நிறுவனம் என் பொறுப்பில். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல்தான் கட்டுவேன் என்று நான் பிடிவாதம் பிடிப்பது ஊருக்கே தெரியும். அதனால் சில ஏக்கர் தோட்ட நிலம் வைத்திருப்பவர்கள் வந்து, “சோலார் போட்டால் போதுமா?” என்று கேட்கிறார்கள். சோலார் கடைசி வேலை. புல்டோசர் உள்ளே நுழைவதற்கு முன்பே பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடும்.

நல்ல மழை பெய்யும் மாலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிலத்தில் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று நில அளவை வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். தேங்குகிற பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நாலு வீடு கூடுதலாகப் போடத்தான் கை துறுதுறுக்கும். அதைத் தடுப்புக் குளமாக விட்டுவிடுங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மஸ்மா என்ற மழைநீர் மேலாண்மைக் கையேடு கேட்பதும் இதைத்தான்: மழைநீரை மனைக்குள்ளேயே நிறுத்தி, மெதுவாக வெளியே விட வேண்டும். எங்கள் கணக்கைப் பார்க்கும் சித்தப்பா, “இதுக்கெல்லாம் யாரும்மா காசு கொடுப்பா?” என்பார். பள்ளத்தை மூடும் லோரி மண்ணின் விலையை எழுதிக் காட்டினேன். அதன் பிறகு குளத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்தது திசை. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்குள் இருக்கிறோம். நடுப்பகல் வெயில் கூரையில் விழும், காலை மாலை வெயில் கிழக்கு மேற்குச் சுவர்களில் அடிக்கும். வீட்டு வரிசை கிழக்கு மேற்காக நீண்டு, வாசல் வடக்கையோ தெற்கையோ பார்த்தால் வீடு குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் நம்மவர்களுக்குக் கிழக்கு வாசல்தான் வேண்டும். அப்படிக் கட்டினால் பின்பக்கச் சமையலறைக்கு மேற்கு வெயில் முழுதும் வந்துவிடும். நான் இதில் வாதாடுவதில்லை. வடக்கு குபேர திசை என்று எடுத்துச் சொன்னால் பலர் சரி என்பார்கள். எதிர்வரிசைத் தெற்கு வாசலைச் சீனர்கள் விரும்பியே வாங்குகிறார்கள். கிழக்கு வாசலைத் தவிர்க்க முடியாத வரிசையில், பின்கூரையை நன்றாக வெளியே நீட்டி, மேற்குச் சுவரை வெப்பத்தை எளிதில் கடத்தாத இலகுக் கல்லில் கட்டுங்கள்.

மரங்களைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. ரப்பர் மரத்தைப் பலகை ஆலைக்கு விற்கலாம். ஆனால் ஆலையோடு பேசி முடித்த பிறகே வெட்டுங்கள். சில நாள் கிடந்தாலே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். மருந்து ஏற்றிய ரப்பர் பலகை மாடிப்படிக்கும் அலமாரிக்கும் நன்றாக இருக்கும், மழை படும் இடத்துக்கு ஆகாது. செம்பனை என்றால் தண்டை மெல்லியதாகச் சீவிப் பரப்புங்கள். முழுத்தண்டாகக் கிடந்து அழுகினால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார்.

மேல்மண்ணைத் தனியாக வழித்துக் குவித்து வையுங்கள், பிறகு தோட்டம் போட உதவும். வெறும் சரிவில் தோட்டத்து முறைப்படி, தரையை மூடிப் படரும் முக்குனா கொடி விதைத்தால் மண் ஆற்றுக்குப் போகாது. அது மரத்திலும் ஏறும், வாரம் ஒருமுறை இழுத்துவிட ஆள் வேண்டும்.

கூரையில் வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளித்தாள் விரிக்கச் சொன்னால் கட்டுமானக் குத்தகையாளர் ஓட்டோடு ஒட்டி விரிப்பார். அப்படி விரித்தால் பயனில்லை. பளபளப்புப் பக்கத்துக்கு எதிரே குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்றிடைவெளி வேண்டும். நானே ஏணி ஏறி விரலை விட்டுப் பார்ப்பேன். மழைத்தொட்டிக்குக் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,200 லிட்டர். கழிப்பறைக்கும் கார் கழுவவும் போதும். திறப்புகளில் வலை கட்டாவிட்டால் ஏடிஸ் கொசு வளரும்.

சான்றிதழ் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். 2009 முதல் பசுமைக் கட்டடக் குறியீடு இருக்கிறது, 100 புள்ளியில் 50 எடுத்தால் கிடைக்கும். சின்ன நிறுவனத்துக்குச் செலவு கூடுதல் என்றால், வரைபட வேலையின்போது அந்தப் புள்ளிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது வேலை செய்யுங்கள்.

சாவி கொடுத்த பிறகுதான் உண்மையான தலைவலி. வாங்கியவர் முதல் வேலையாகச் சமையலறையைப் பின்வேலி வரை நீட்டி, மிச்ச இடத்தில் சிமெண்ட் ஊற்றுவார். காற்றும் போச்சு, தண்ணீர் இறங்க மண்ணும் போச்சு. திட்டாதீர்கள், நீட்டத்தான் போகிறார்கள். சின்ன முற்றம் திறந்தே இருக்கும்படி ஒரு நீட்டிப்பு வரைபடத்தை நீங்களே தயாரித்து, சாவியோடு கொடுங்கள். அதன்படி கட்டுபவருக்கு நகராண்மைக் கழக அனுமதிக்கான வரைபடச் செலவு மிச்சம்.