வாட்டர் பிளாக் பொருத்தும்போது சறுக்கும் இடங்கள்

"அண்ணா, தண்ணி போட்டும் நூறு காட்டுது."

இரவு ஒன்பது மணிக்குச் சித்தப்பா மகன் போனில் இப்படிச் சொன்னதை வீட்டில் வேறு யாராவது கேட்டிருந்தால் வேறு அர்த்தம் எடுத்திருப்பார்கள். அவன் சொன்னது கொம்பியூட்டரைப் பற்றி: தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் கூலிங் போட்டும் புரோசசர் நூறு டிகிரி காட்டுகிறதாம்.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பார்த்தேன். கசிவு விஷயத்தில் அவனைப் பாராட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் டிஷ்யூ விரித்து, மதர்போர்டுக்குக் கறண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டிருக்கிறான். ஒரு சொட்டு இல்லை. வாட்டர் கூலிங் என்றதும் எல்லாருக்கும் கசிவு பயம்தான். ஆனால் நான் பார்த்தவரை பலர் கோட்டை விடுவது வாட்டர் பிளாக்கின் (புரோசசர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகத் துண்டு) அடித்தகடும் புரோசசரின் மேல்தகடும் சேரும் இடத்தில். அங்கே சூடு கைமாறவில்லை என்றால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தும் பயனில்லை.

அவன் அந்தப் பிளாக்கை விளம்பரம் பார்த்து இரண்டாம் கையாக வாங்கியிருந்தான். விற்றவர், "எல்லா இன்டெலுக்கும் பொருந்தும் தம்பி" என்றாராம். பொருந்தாது. 2009 முதல் 2021 வரை வந்த இன்டெலின் சாதாரண மேசைக் கொம்பியூட்டர் சொக்கெட்டுகளில், அதாவது மதர்போர்டில் புரோசசர் உட்காரும் இடங்களில் (1156 தொடங்கி 1200 வரை), பிளாக்கைப் பொருத்தும் துளைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர். 2021 நவம்பரில் 12ஆம் தலைமுறையோடு வந்த எல்ஜிஏ 1700 சொக்கெட்டில் அது 78. தம்பியிடம் இருந்தது 12ஆம் தலைமுறைப் புரோசசர். அவன் என்ன செய்தான் தெரியுமா? பிளாக்கைப் பிடிக்கும் பிராக்கெட்டின் துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கி ஸ்குறூவை ஏற்றிவிட்டான்! பார்வைக்குக் கச்சிதம். ஆனால் 1700 சொக்கெட்டில் புரோசசர் உட்காரும் உயரமும் பழையதைவிடக் குறைவு, ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ளேதான். அந்தச் சின்ன வித்தியாசம் போதும், பிளாக் அழுத்தாமல் சும்மா மேலே குந்தியிருக்க. கழற்றிப் பார்த்தால், இரண்டு தகடுகளுக்கும் நடுவே சூடு கடத்தப் பூசும் பேஸ்ட் பட்டர் பூசியதுபோல் தடிப்பாக அப்படியே கிடந்தது.

அதனால் கொழும்பில் கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்குவதானாலும் இணையத்தில் வாங்குவதானாலும் முதலில் கேட்க வேண்டியது சொக்கெட் எண். விலையும் நிறமும் லைட்டும் அப்புறம். இன்டெலுக்குப் பதில் ஏஎம்டி புரோசசர் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. ஏஎம்4 சொக்கெட்டின் துளை அளவைத்தான் 2022இல் வந்த ஏஎம்5உம் வைத்திருக்கிறது, எனவே பல பழைய பிளாக்குகள் ஏறும். ஆனால் ஏஎம்5இல் மதர்போர்டின் பின்தகடு சொக்கெட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைக் கழற்றி வேறு தகடு போட முடியாது. தனக்கென்று சொந்தப் பின்தகடு கேட்கும் பிளாக் என்றால் வாங்காதீர்கள்.

அடுத்தது உலோகம். பிளாக் பெரும்பாலும் செம்பு, அல்லது நிக்கல் பூசிய செம்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று அலுமினிய ரேடியேட்டரை அதோடு ஒரே தண்ணீரில் கோர்த்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், அலுமினியம் கரையும். கடற்காற்றில் ஜன்னல் கம்பி படும் பாடு வெள்ளவத்தைக்காரர்களுக்குத் தெரியும். இங்கே அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும், அவ்வளவுதான். கரைந்து வரும் கசடு பிளாக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகச் செதில்களுக்கு நடுவே போய் அடைக்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், போத்தல் தண்ணீரும் வேண்டாம். இரண்டிலும் உப்புகள் இருக்கின்றன. பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உப்பு நீக்கிய தண்ணீர் என்றால் சரிதான், ஆனால் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் பாசி பிடிக்காமல் வைக்கும் மருந்தும் அதில் இல்லை. பக்கத்தில் அடுக்கியிருக்கும் பற்றரி அசிட் போத்தலை மாற்றி எடுத்தால் கதை முடிந்தது. இதற்கென்றே விற்கும் கூலன்டை வாங்கிவிடுங்கள், இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது கெட்டித்தனம் இல்லை.

பொருத்தும் நாளுக்கு வருவோம். அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நானும் ஒருமுறை மறந்திருக்கிறேன். பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் முழுவதும் துடையுங்கள். புதியது நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். நீள்சதுரமான 1700 புரோசசருக்குச் சற்று நீட்டி வையுங்கள். தோசைக்கு நெய் விடுவதுபோல் தாராளம் காட்டத் தேவையில்லை. பிளாக்கை நேராக இறக்கிய பிறகு வழுக்கித் திருப்பக் கூடாது.

ஸ்குறூக்களில்தான் பொறுமை வேண்டும். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிளாக் சாய்ந்து, எதிர் மூலை தூக்கிக்கொள்ளும். குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சுற்றாக, நான்கும் சேர்ந்து இறங்க வேண்டும். ஸ்பிரிங் வைத்த ஸ்குறூ என்றால் தடை வந்ததும் நிறுத்துங்கள், பலத்தைக் காட்டினால் மதர்போர்ட்தான் வளையும். புது பிளாக் என்றால் நான் ஒருமுறை இறுக்கி, கழற்றி, பேஸ்ட் பரவிய தடத்தைப் பார்த்துவிட்டுத் துடைத்து மறுபடி பொருத்துவேன். பேஸ்ட் கொஞ்சம் வீண்தான், ஆனால் மனதுக்கு நிம்மதி.

குழாய் இணைப்புகளையும் கையால் இறுக்கினால் போதும். கசிவைத் தடுப்பது ரப்பர் வளையம், உங்கள் ஸ்பானர் அல்ல. அக்ரிலிக் மூடியுள்ள பிளாக்கில் ஸ்பானர் போட்டால் மயிரிழை வெடிப்பு விழும். உள்ளே வரும் வழி எது, வெளியே போகும் வழி எது என்று கையேட்டில் பாருங்கள். பல பிளாக்குகளில் தண்ணீர் நடுச் செதில்களின் மேல் பாயும்படி ஒரு வழியைத்தான் அமைத்திருப்பார்கள், மாற்றிக் கொடுத்தால் சில டிகிரி ஏறும்.

சரியான 1700 பிராக்கெட்டைத் தேடி வாங்கிப் பொருத்தினோம். முதல்நாள் 100ஐத் தொட்ட அதே வேலைக்கு 78இல் நின்றது. தம்பிக்குத் திருப்தி இல்லை. "ஐம்பதுக்கு இறங்காதா அண்ணா?" என்றான். அறையே 31 டிகிரி. ரேடியேட்டர் அறைக் காற்றிடம்தான் சூட்டைக் கொடுக்கிறது, அதனால் தண்ணீர் அறையைவிடக் குளிர வழியே இல்லை.

அப்போதுதான் அவன் கண் ஃப்ரிட்ஜ் பக்கம் போனது. தொட்டியில் ஐஸ் போட்டால் தண்ணீர் அறையைவிடக் குளிரும், உண்மைதான். ஆனால் கொழும்புக் காற்றில் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் வேர்வை மாதிரி ஈரம் கோர்க்கும், குளிர்ந்த சோடாப் போத்தலைப் பார்த்தால் தெரியும். ஒரு சொட்டும் கசியாத பிளாக்கைச் சுற்றி, மதர்போர்டின் மேலேயே, தண்ணீர் தானாக வந்து நிற்கும். எடுத்து வந்த ஐஸ் தட்டைத் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன்.