கொரோனா அலை ஓய்ந்தபின்: விட்டுப்போன வைத்தியத்தை எங்கிருந்து தொடங்குவது?

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேல் தொற்று பதிவானது. அப்போது சுகர், பிரஷர் செக்கப்பைத் தள்ளிப்போட்டதில் நியாயம் இருந்தது. அலை இறங்கியபின்னும் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் இழுப்பு என்றால் இந்தப் படிகளெல்லாம் வேண்டாம், நேரே 108.

படி 1: வீட்டில் யாருக்கு எது விட்டுப்போனது என்று எழுதுங்கள். சுகர், பிரஷர், இதயம், சிறுநீரகம் உள்ளவர்கள் முதலில். கண்ணாடி பவர் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

படி 2: மாத்திரை அட்டைகளை எடுத்து வையுங்கள். கடையில் நாலைந்தாக வெட்டிக் கொடுத்த அட்டையில் பெயர் பாதிதான் இருக்கும், மில்லிகிராம் இருக்காது. பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் 2.5-ஆ, 5-ஆ என்று அதை வைத்து டாக்டராலும் சொல்ல முடியாது. பழைய சீட்டு, பில் எதுவானாலும் கொண்டு போங்கள். நடுவில் மருந்தை நிறுத்தியிருந்தால் அதை மறைக்காதீர்கள். திட்டு விழும், விழட்டும். நிறுத்திய மருந்தை, குறிப்பாக இன்சுலினை, பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்குவதுதான் தப்பு. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குச் சுகர் ஏறியிருக்கக்கூடும், அதையும் சொல்லுங்கள்.

படி 3: சுகர் உள்ளவர்கள் எச்பிஏ1சி பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஏறக்குறைய 3 மாதச் சராசரியைக் காட்டிவிடும், வெறும் வயிறும் தேவையில்லை. முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து இதை ஏமாற்ற முடியாது!

படி 4: நேரில் போகத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மத்திய அரசின் இ-சஞ்சீவனி இணையச் சேவையில் இலவசமாக வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். நேரில்தான் என்றால் போன் செய்து நேரம் வாங்குங்கள். துணைக்கு ஒருவர் போதும். என்95 மாஸ்க், காற்றோட்டமான இடத்தில் காத்திருப்பு. உள்ளே உட்கார்ந்து டீ, பிஸ்கட் வேண்டாம். காய்ச்சல், இருமல் இருந்தால் கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள்.

படி 5: குழந்தைக்குத் தடுப்பூசித் தவணை தவறியிருந்தால் பொதுவாக முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட தவணையிலிருந்து தொடர்வார்கள். தடுப்பூசி அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வழக்கமாகப் புதன்கிழமை போடுவார்கள்.

தள்ளிப்போட்ட ஆபரேஷன் பாக்கி இருந்தால், கொரோனா வந்த தேதியைச் சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவசரமில்லாத ஆபரேஷனுக்கு 7 வாரமாவது பொறுப்பது நல்லது என்பதுதான் அப்போதைய மருத்துவ வழிகாட்டல். புற்றுநோய் மாதிரி காத்திருக்க முடியாதவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.