வண்டில சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா பண்ணக்கூடாத தப்புங்க (மலைப்பாதைல ஓட்டுறவங்க கண்டிப்பா படிங்க)

கம்பம், கூடலூர், குமுளி பக்கமெல்லாம் இப்ப எலெக்ட்ரிக் காரும் பெரிய ஸ்கிரீன் வச்ச காரும் நெறைய வந்துருச்சு, கூடவே ஒரு பேச்சும் வந்துருச்சு, வண்டில எது சரியில்லேன்னாலும் "அடுத்த அப்டேட்ல சரியாயிரும்ணே"ங்கிறாங்க. இந்த நம்பிக்கையப் பாத்தாதான் எனக்கு பயமா இருக்கு. அப்டேட்டும் ஒரு வொர்க்ஷாப் வேலைதாங்க, மெக்கானிக் ஆளு கண்ணுக்குத் தெரியல, வண்டி நம்ம வாசல்லயே நிக்குது, அதனால வேலையே நடக்கலன்னு நெனைச்சுக்கிறோம்.

மொத தப்பு, கண்ட எடத்துல இன்ஸ்டால் பட்டன அமுக்குறது. 2019 ஜனவரில பெய்ஜிங்ல நியோ இஎஸ்8ன்னு ஒரு சைனா எலெக்ட்ரிக் கார், டிராபிக்ல நிக்கும்போது அப்டேட்டுக்கு ஓகே குடுத்துட்டாங்க, ஸ்கிரீன் ஆஃப் ஆகி, கண்ணாடியக்கூட எறக்க முடியாம ஒரு மணி நேரத்துக்கு மேல ரோட்டுலயே நின்னுச்சு. இத நம்ம ஊர்ல வச்சு யோசிங்க. கார்த்திகை மார்கழி சபரிமலை சீசன்ல வண்டிங்கள கம்பம்மெட்டு வழியா ஏத்தி குமுளி வழியா எறக்கி விடுவாங்க, அந்த நெரிசல்ல ஒரு வண்டி செத்துப்போய் நின்னா பின்னாடி நிக்கிற அத்தன சாமிமாரும் மாட்டுவாங்க, ரெக்கவரி வண்டி தேனில இருந்தோ மதுரைல இருந்தோதான் வரணும். அதனால வீட்டுல, சமதரைல, சிக்னல் நல்லா இருக்குற எடத்துல போடுங்க. மறுநாள் காலைல க.விலக்கு ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிட்டுப் போகணும்னா அன்னிக்கு ராத்திரி தொடவே வேணாம்.

இதோட சேந்த இன்னொண்ணு, 12 வோல்ட் பேட்டரி. எலெக்ட்ரிக் கார்லயும் அந்த சின்ன பேட்டரி இருக்கு, அப்டேட் ஓடும்போது கம்ப்யூட்டருங்களுக்கு கரண்ட் குடுக்குறதே அந்த லைன்தான். தோட்டத்துல வாரக்கணக்கா சும்மா நின்ன வண்டிக்கு எடுத்த எடுப்புல அப்டேட் போட்டா பாதில நின்னுபோக வாய்ப்பு இருக்கு.

ரெண்டாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. அப்டேட் முடிஞ்சதும் நேரா மலை எறங்குறது. எலெக்ட்ரிக் வண்டில ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா மோட்டாரே வண்டியப் புடிச்சு நிறுத்தப் பாக்கும்ல, ரீஜென், அதுக்கு லெவல் செட்டிங் இருக்கு. சில அப்டேட்டுக்கு அப்புறம் செட்டிங் எல்லாம் கம்பெனி வச்ச பழைய நெலமைக்குப் போயிரும். எங்களுக்குத் தெரிஞ்ச ஏலக்கா வியாபாரி ஒருத்தர், தெனமும் குமுளி எறங்குறவரு, ராத்திரி அப்டேட் போட்டுட்டு காலைல கெளம்பிருக்காரு, மாதா கோயில் வளைவுல கால எடுத்தா வண்டி கொறையல, அப்படியே ஓடுது. நல்ல வேளையா பழைய ஜீப்பு ஓட்டுன கை, பதறாம மிதிச்சு மிதிச்சு எறக்கிட்டாரு, லோயர்கேம்ப்ல வந்து நிறுத்தும்போது முன்சக்கரத்துல இருந்து கருகுன வாடை வந்துருக்கு. அங்க டீக்கடைல நின்ன டிரைவரு ஒருத்தர் "என்ன மாமா, ஹேண்ட் பிரேக்கோட வந்தீகளா"ன்னு கேட்டாராம். ஸ்கிரீன்ல தோண்டிப் பாத்தா ரீஜென் ரொம்பக் கம்மில நிக்குது. அதோட மேல குமுளிலயே 100 சதவீதம் சார்ஜ் போட்டு எறங்குனாலும் இதே கததான், பேட்டரில எடம் இல்லேன்னா ரீஜென் சரியா புடிக்காது. மேல குடியிருக்கவங்க கொஞ்சம் கம்மியாவே சார்ஜ் போட்டு எறங்குங்க, அப்டேட் போட்ட மறுநாள் மொதல்ல ஊருக்குள்ள ஓட்டி, பிரேக்கு, ரீஜென், லேன் அசிஸ்ட் (வண்டி கோடு தாண்டாம பாத்துக்குறது), வைப்பர், லைட்டு எல்லாம் பழைய மாதிரி இருக்கான்னு பாத்துட்டு மலைக்குப் போங்க.

பிரேக்க எல்லாம் சாஃப்ட்வேர் மாத்துமான்னு கேக்குறவங்களுக்கு: 2018ல டெஸ்லா மாடல் 3 நிக்கிற தூரம் ரொம்ப அதிகம்னு அமெரிக்காவுல சோதனை பண்ணிச் சொன்னாங்க, கம்பெனி ஒரு அப்டேட் அனுப்புச்சு, 60 மைல் வேகத்துல இருந்து நிக்கிற தூரம் 19 அடி கொறஞ்சுருச்சு. நல்லதுதான், ஆனா நல்லதா மாத்த முடிஞ்சா வேற மாதிரியும் மாத்த முடியும்ல.

வந்த அன்னிக்கே போடுறதும் வேணாம். 2021 அக்டோபர்ல டெஸ்லா அனுப்புன 10.3 பீட்டால, அதாவது வண்டி தானா ஓட்டுறதுக்கான சாஃப்ட்வேரோட சோதனைப் பதிப்புல, முன்னாடி ஒண்ணுமே இல்லாதப்ப மோதப்போறோம்னு வார்னிங் அடிச்சுச்சு, பிரேக்கும் தானா புடிச்சுச்சு, வாபஸ் வாங்குனாங்க. 2023 நவம்பர்ல ரிவியன்ங்கிற அமெரிக்க எலெக்ட்ரிக் வண்டி கம்பெனி தப்பான செக்யூரிட்டி சர்டிபிகேட்டோட அனுப்பி நெறைய வண்டில ஸ்கிரீன் போயிருச்சு. ஒரு வாரம் பத்து நாள் பொறுத்து, அதே மாடல் வச்சிருக்கவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுப் போடுங்க. அதுக்காக எல்லாத்தையும் தள்ளியும் போடக்கூடாது, ரீகால் (குறை இருக்குன்னு கம்பெனியே சொல்லி சரிபண்ணிக் குடுக்குறது), செக்யூரிட்டின்னு வந்தா ஒடனே போட்ரணும். 2015ல ஜீப் செரோக்கிய ரெண்டு பேரு இன்டர்நெட் வழியா தூரத்துல இருந்தே கன்ட்ரோல் பண்ணிக் காட்டுனாங்க, 14 லட்சம் வண்டிய ரீகால் பண்ண வேண்டியதாச்சு. எந்த ரகம்னு தெரிய ரிலீஸ் நோட்ட படிங்க, புரியலேன்னா சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, எதுக்கு வந்துருக்கு, என்ன மாறும்னு ரெண்டு கேள்வி கேளுங்க.

போட்டாச்சு, பிரச்சினை முடிஞ்சுச்சுன்னும் விட்ராதீங்க. 2023 டிசம்பர்ல ஆட்டோபைலட்டுக்காக (டிரைவர் கவனிச்சுக்கிட்டு இருக்க, வண்டியே ஸ்டியரிங், வேகத்தப் பாத்துக்குற வசதி) டெஸ்லா 20 லட்சம் வண்டிக்கு ரீகால் அப்டேட் அனுப்புச்சு, அதுக்கப்புறமும் ஆக்ஸிடென்ட் நடந்ததால அந்த அப்டேட் போதுமான்னே 2024ல விசாரணை ஆரம்பிச்சாங்க. டயர் தேஞ்சது, பிரேக் பேட் கரைஞ்சது, பால் ஜாயின்ட் ஆடுறது இதெல்லாம் எந்த அப்டேட்டாலயும் தீராது. ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குதா, மெக்கானிக்க கூப்புட்டு ஜாக்கில ஏத்திப் பாக்கச் சொல்லுங்க.

ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடுற தூரம், அந்த விசயத்துல ஒரு ஆதாரம் வச்சுக்கோங்க. 2019ல பேட்டரி பாதுகாப்புக்குன்னு வந்த அப்டேட்டால சில டெஸ்லா மாடல் எஸ் வண்டில ரேஞ்ச் கொறஞ்சு, ஓனருங்க கோர்ட்டுக்குப் போய், கடைசில 15 லட்சம் டாலருக்கு செட்டில்மென்ட் ஆச்சு. போடுறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர் வெர்ஷன், முழு சார்ஜ்ல காட்டுற ரேஞ்ச், ஓடோமீட்டர் மூணையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க, பின்னாடி பேசுறதுக்கு கைல ஏதாவது இருக்கும்.

கடைசியா செகண்ட் ஹேண்ட். கோட்டயம், கொச்சி பக்கம் இருந்து கேஎல் வண்டி (கேரளா ரிஜிஸ்ட்ரேஷன்) நெறைய எடுத்துட்டு வர்றோம், என்ஓசி, ரீரிஜிஸ்ட்ரேஷன்னு ஆர்டிஓ ஆபீசுக்கு அலையுறோமே தவிர, வண்டியோட ஆப் அக்கவுண்ட் யாரு பேர்ல இருக்குன்னு கேக்குறதில்ல. பழைய ஓனரு போன்லயே இருந்தா அப்டேட் நோட்டீஸ் அவருக்குத்தான் போகும், வண்டி எங்க நிக்குதுன்னும் அவருக்குத் தெரியலாம். கம்பெனி உசுரோட இருக்கான்னும் பாருங்க, அமெரிக்காவுல ஃபிஸ்கர் 2024 ஜூன்ல திவாலாகி, அந்த ஓஷன் கார் வாங்குனவங்க அப்டேட்டுக்கு என்ன பண்றதுன்னு தவிச்சாங்க. வண்டிய எடுக்குற அன்னிக்கு ஓனர பக்கத்துல வச்சுக்கிட்டே அவரு போன்ல அக்கவுண்ட்ட நீக்கச் சொல்லி, உங்க நம்பர்ல லாகின் பண்ணி, கதவு லாக் ஆகுதான்னு ஒரு தடவ பாத்துட்டு மீதிப் பணத்த எண்ணிக் குடுங்க.