பி.எல்.சி.க்கு கம்யூனிகேஷன் மாட்யூல் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

"எங்களிடம் சீமென்ஸ் எஸ்7-1200 இருக்கிறது, அதற்கு எந்த மாட்யூல் போடலாம்?" பெரும்பாலும் கேள்வி இப்படித்தான் வருகிறது. எஸ்7-1200 ஒரு பி.எல்.சி., அதாவது மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலர். மற்ற கருவிகளோடு அதைப் பேச வைப்பதுதான் கம்யூனிகேஷன் மாட்யூல். கேட்க வேண்டியது மறுமுனையைப் பற்றி. அங்கே இருக்கும் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), எனர்ஜி மீட்டர், சென்சார் எல்லாம் எந்த புரோட்டோகாலில் (பேச்சு விதிமுறையில்) பேசுகின்றன, எவ்வளவு நேரத்தில் பதில் தருகின்றன, யார் கேட்பவர், யார் பதில் சொல்பவர்? இதை எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதித் தவறு நடக்காது.

முதல் தவறு, சாக்கெட்டைப் பார்த்து முடிவெடுப்பது. ஆர்ஜே45 சாக்கெட் இருந்தால் "ஈதர்நெட்தானே, சேர்ந்துவிடும்" என்கிறார்கள். புரோஃபிநெட், ஈதர்நெட்/ஐபி, ஈதர்கேட், மோட்பஸ் டிசிபி எல்லாவற்றுக்கும் அதே சாக்கெட்தான். ஆனால் ஒன்றுக்கு ஒன்று பேசாது. ஈதர்கேட்டில் நடுவே சாதாரண சுவிட்ச் வைக்கும் பழக்கம்கூட ஒத்துவராது. ஆர்எஸ்-485 கதையும் இதேதான். அது மின்சார முறையை மட்டும் சொல்கிறது. அதே இரண்டு கம்பியில் மோட்பஸ் ஆர்டியூவும் ஓடும், புரோஃபிபஸ் டிபியும் ஓடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: தேவையே இல்லாமல் மாட்யூல் வாங்குவது. எஸ்7-1200-இன் ஈதர்நெட் போர்ட்டிலேயே புரோஃபிநெட்டும் மோட்பஸ் டிசிபியும் செய்ய முடியும். மோட்பஸுக்கு மென்பொருளில் அதற்கான பிளாக் (தயார் நிரல்) இருக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் என்பதற்கு மட்டும் வரம்பு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மாஸ்டரா (கேட்பவர்), ஸ்லேவா (பதில் சொல்பவர்) என்பதில் ஒரே ஓர் இலக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும். இதே எஸ்7-1200-க்கு சிஎம் 1242-5 என்றால் புரோஃபிபஸ் ஸ்லேவ். சிஎம் 1243-5 என்றால் மாஸ்டர். டிரைவ்களை பி.எல்.சி. ஓட்ட வேண்டும் என்றால் வேண்டியது இரண்டாவது. அதற்குத் தனியாக 24 வோல்ட் சப்ளை கொடுக்க வேண்டும். ஸ்லேவ் மாட்யூலுக்குக் கன்ட்ரோலரே கொடுத்துவிடும். பேனல் வரைபடம் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் டெர்மினலுக்கு இடம் தேட வேண்டியதுதான். இந்தக் கன்ட்ரோலரின் இடது பக்கம் மூன்று கம்யூனிகேஷன் மாட்யூலுக்கு மேல் போட முடியாது என்பதையும் அப்போதே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு இதுதான், அதிகம் அடி வாங்குவதும் இங்கேதான். ஒரு ஸ்பின்னிங் மில்லில் 30 எனர்ஜி மீட்டர்களை மோட்பஸ் ஆர்டியூவில் ஒரே லைனில் கோர்க்கிறோம் என்று வையுங்கள். வேகம் 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்). ஒரு மீட்டரில் 10 ரெஜிஸ்டர் (அளவுகளை வைத்திருக்கும் 16 பிட் நினைவிடம்) படிக்க, கேள்வி 8 பைட், பதில் 25 பைட். பாரிட்டியும் (பிழை பார்க்கும் பிட்) சேர்த்து ஒரு பைட்டுக்கு 11 பிட் என்றால், கம்பியில் மட்டும் சுமார் 38 மில்லி விநாடி. ஒவ்வொரு செய்திக்கும் இடையே மூன்றரை எழுத்து (ஒரு எழுத்து ஒரு பைட்) நேரம் அமைதி வேண்டும், இருமுறைக்கு 8 மில்லி விநாடி. மீட்டர் யோசித்துப் பதில் சொல்ல 30 என்று வைத்தால், மொத்தம் 75-ஐத் தாண்டுகிறது. 30 மீட்டருக்கு ஒரு சுற்று இரண்டே கால் விநாடி.

கரண்ட் பில் பார்க்க இது தாராளம். ஆனால் "லைன்தான் இருக்கிறதே" என்று அதே கம்பியில் இரண்டு டிரைவையும் கோர்த்து வேகக் கட்டளை அனுப்ப ஆரம்பிக்கும்போதுதான் வம்பு. ஒரு மீட்டருக்கு மின்சாரம் போய்விட்டது என்றால் மாஸ்டர் ஒரு விநாடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் இன்னும் இரண்டு தடவை கேட்கும். ஒரு செத்த மீட்டரால் சுற்று ஐந்து விநாடிக்கு மேல் போய்விடும். டிரைவ் அதுவரை பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் கம்யூனிகேஷன் ஃபால்ட் காட்டி நின்றுவிடும்.

சரி, 19200 போட்டால் பாதியாகுமா? ஆகாது. கம்பியில் போகும் நேரம்தான் குறையும். மீட்டர் யோசிக்கும் நேரம் அப்படியே இருக்கும். அதைவிட, ரெஜிஸ்டர்களைத் தொடர்ச்சியாக ஒரே கேள்வியில் வாங்குவது பலன் தரும். மோட்பஸில் ஒரே தடவை 125 ரெஜிஸ்டர் வரை படிக்கலாம். வோல்டேஜ் ஓர் இடத்திலும் யூனிட் வேறோர் இடத்திலும் இருக்கும் மீட்டர் என்றால் கேள்விகள் இரட்டிப்பாகும். அதனால் ரெஜிஸ்டர் பட்டியலைப் பார்க்காமல் மீட்டர் வாங்காதீர்கள். டிரைவுக்கு வேறு மாட்யூல், வேறு லைன். இரண்டாவது மாட்யூலின் விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

நல்ல மாட்யூலைத் திருப்பி அனுப்பும் கூத்தும் நடக்கிறது. 32 பிட் எண் இரண்டு ரெஜிஸ்டரில் வரும். எது முன்னே, எது பின்னே என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கிறது. மாறிவிட்டால் 230 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். கையேட்டில் 40001 என்று போட்டிருப்பதை இன்னொரு கம்பெனி 0 என்று எண்ணும். ஏ, பி என்ற கம்பிப் பெயர்களையும் எல்லாரும் ஒரே மாதிரி வைப்பதில்லை. பதிலே வராவிட்டால் முதலில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். லைனை நட்சத்திரம் போல் பிரிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கொண்டுபோங்கள். 120 ஓம் ரெசிஸ்டர் இரு கோடியில் மட்டும். டிரைவ்கள் பக்கத்தில் ஓடும் இடத்தில் ஐசொலேஷன் (மின்தடுப்பு) உள்ள மாட்யூலே வாங்குங்கள்; அதில் மிச்சம் பிடிக்கும் காசு நிற்காது.

ஐஓ-லிங்க் (சென்சார், ஆக்சுவேட்டரை நேரடியாக இணைக்கும் முறை) மாஸ்டர் வாங்குவோர் போர்ட் ஏ வகையா, பி வகையா என்று பார்க்க வேண்டும். பி வகையில் ஆக்சுவேட்டருக்குத் தனி சப்ளை 2, 5 பின்களில் வரும். தெரியாமல் செருகக் கூடாது. கேபிள் 20 மீட்டருக்கு மேல் போகாது.

புரோஃபிநெட்டுக்கு ஜிஎஸ்டி ஃபைல், ஈதர்நெட்/ஐபிக்கு ஈடிஎஸ் ஃபைல் (கருவியின் விவரங்களைக் கன்ட்ரோலர் மென்பொருளுக்குச் சொல்பவை), அவை எந்த ஃபர்ம்வேருக்கானவை என்பதை ஆர்டருக்கு முன்பே சப்ளையரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. மோட்பஸ் டிசிபியில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. 502-ஆம் போர்ட்டை எட்ட முடிந்த எவரும் ரெஜிஸ்டரில் எழுதலாம். மாட்யூலைப் போய் யார் குறிவைப்பார்கள் என்று தோன்றலாம். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு தேடியது பி.எல்.சி.யை மட்டுமல்ல, அதோடு சிபி 342-5 என்ற புரோஃபிபஸ் மாட்யூல் இருக்கிறதா என்றும் பார்த்தது. ஆபீஸ் நெட்வொர்க்கும் மெஷின் நெட்வொர்க்கும் ஒரே சுவிட்சில் வேண்டாம்.

கடைசியாக சிம் போடும் மாட்யூல்கள். விலை மலிவு என்று 2ஜி மோடம் வாங்கி ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி, 3ஜி சேவை கிடையாது. 4ஜி மாட்யூல் என்றாலும் இரும்புப் பேனலுக்குள்ளே ஆன்டெனாவை வைத்துக் கதவைச் சாத்தினால் சிக்னல் போய்விடும். நீட்டுக் கேபிளோடு வெளியே பொருத்தும் ஆன்டெனாவையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.