காணாமல் போனவர் கதைக்கு ஒரு துண்டுச் சீட்டு

ஆள் காணாமல் போகும் துப்பறியும் நாவலைப் படிக்கும்போது, பக்க அடையாளத்துக்கு வைக்கும் சீட்டிலேயே பென்சிலால் குறித்து வாருங்கள்: அவரைக் கடைசியாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தில். "இரவு 9.40, பக்கத்து வீட்டுக்காரர், ப. 37." இவ்வளவு போதும். அந்தக் காட்சியை ஆசிரியரே நேரில் காட்டாமல், ஒரு பாத்திரம் வாயால் சொன்னது மட்டும் என்றால், அருகில் ஒரு கேள்விக்குறி.

இவ்வகைக் கதைகளில் முடிச்சு பெரும்பாலும் கடைசியாகப் பார்த்த நேரத்துக்கும் புகார் கொடுத்த நேரத்துக்கும் இடையில்தான் ஒளிந்திருக்கும். ஆசிரியர் அந்த நேரங்களை வேண்டுமென்றே பல பக்கத் தொலைவில் சிதறவிடுவார். ஒரே சீட்டில் சேர்ந்து வரும்போது முரண்பாடு தானாகக் கண்ணில் படும். யார் இந்தச் சிவப்புக் கார்க்காரர் என்று பின்னால் புரட்டும் வேலையும் மிச்சம். கேள்விக்குறிகள் ஒருவர் பெயரிலேயே குவிந்தால் அவர்மேல் ஒரு கண் வையுங்கள்.

மின்நூலில் பெயரைத் தேடினாலே போதும், சீட்டு வேண்டாம். கதைசொல்லியே பொய் சொல்லும் நாவலில் இது உதவாது. வரிக்கு வரி கேள்விக்குறி போட வேண்டிவரும். நூலகப் புத்தகம் என்றால் சீட்டை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அடுத்தவருக்குக் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த பாவம் நமக்கெதற்கு!