துளை பொருந்தவில்லையா? முதலில் ட்ரில்லைக் கீழே வையுங்கள்

பகுதிகளாக வாங்கி நாமே பூட்டுகிற கிட் விமானத்தின் உடலைக் கட்டத் தொடங்கிய எல்லாருக்கும் இது வரும். பல்க்ஹெட்டுகளை (உடலின் குறுக்குச் சட்டங்களை) நிறுத்தி, வெளித்தகட்டைச் சுற்றிப் போட்டு, ரிவெட் அடிக்கும் வரை தகடுகளைத் துளை வழியே பிடித்து வைக்கிற கிளீக்கோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனால் முதல் ஐந்தாறு துளை அழகாக உட்காரும், அப்புறம் ஒன்று கொஞ்சம் விலகி நிற்கும், அதற்கு அடுத்தது பாதி மூடியிருக்கும். கை தானாக ட்ரில்லைத் தேடும். வேண்டாம். இப்போது வருகிற அலுமினியக் கிட்டுகளில் பெரும்பாலும் துளைகளைக் கணினி இயந்திரம்தான் குத்துகிறது, துளையின் இடம் பிழைப்பது அரிது. தகடு வளைந்திருக்கும், முறுகியிருக்கும், அல்லது மாறிப் போட்டிருப்போம். அந்த நிலையில் துளையைப் பெருப்பித்தால் கோணலை ரிவெட் அடித்து நிரந்தரமாக்கியதுதான் மிச்சம், அது நாலு பல்க்ஹெட் தள்ளி வால் பக்கத்தில் இன்னும் பெரிதாக வந்து நிற்கும்.

ஆகவே எந்தத் துளை விலகியது என்பதை விட, எப்படி விலகிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி ஒரு டோர்ச்சை உள்ளே வைத்து வரிசை முழுவதையும் ஒரு முறை பார்த்தாலே பாதி விளங்கும்.

எல்லாத் துளையும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தால் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்ட கதைதான். இடது வலது மாறியிருக்கும், தலைகீழாக இருக்கும், அல்லது எந்தத் தகடு மேலே எது கீழே என்பது மாறியிருக்கும். பகுதி எண்ணை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள், முடிந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் தூக்கி நிற்கிறதா? அடியில் ஏதோ இருக்கிறது. ட்ரில் சீவல், எடுக்காத பிசிறு, உரிக்காத பிளாஸ்டிக் படலம். இது எதுவும் இல்லாவிட்டால் மடிப்பின் உள்மூலையைப் பாருங்கள். தகடு மடிகிற இடம் கூர்மூலையாக இருக்காது, சின்ன வளைவாக இருக்கும். அதற்குள் உட்காருகிற ஆங்கிளின் (L வடிவச் சட்டத்தின்) முனை கூராக இருந்தால் வளைவின் மேல் ஏறி நின்றுவிடும், துளையும் அந்த அளவுக்கு விலகும். ஆங்கிளின் அந்த முனையை அரத்தால் உருட்டி, மணற்தாளால் வழவழப்பாக்கினால் தானாக இறங்கிவிடும். தகட்டின் வளைவைத் தொடாதீர்கள், அங்கே விழுகிற கீறலில்தான் வெடிப்பு தொடங்கும்.

விலகல் போகப் போகக் கூடினால்தான் உண்மையான வேலை இருக்கிறது. பெரும்பாலும் பல்க்ஹெட்டின் மடிப்புதான் காரணம். வளைந்த விளிம்பை அச்சில் மடிக்கும்போது உலோகம் நெரிந்து, பல்க்ஹெட் முழுவதையும் மெல்ல வில்லாக வளைத்துவிடுகிறது. தட்டையான மேசையில் வைத்து ஒரு முனையை விரலால் அழுத்துங்கள், மறுமுனை எழும்பினால் வளைவு இருக்கிறது. முதலில் மடிப்பின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும், அகலவாய்க் குறடு அல்லது இரண்டு மரக்கட்டை போதும். கோணம் எல்லா இடத்திலும் 90 பாகை என்று நினைத்துவிடாதீர்கள், உடல் வாலை நோக்கி ஒடுங்குகிறது, அதனால் பின்பக்கப் பல்க்ஹெட்டுகளின் மடிப்பும் அதற்கேற்பச் சாய வேண்டும். அடுத்தடுத்த பல்க்ஹெட்டுகளின் மேல் நீளமான நேர்கோலை வையுங்கள், கோல் மடிப்பின் முழு அகலத்திலும் படிய வேண்டும், ஓரத்தில் மட்டும் தொட்டால் இன்னும் சரியில்லை.

கோணம் சரியான பிறகு புளூட்டிங் குறடு, அதாவது விளிம்பில் சின்னப் பள்ளம் நெரிக்கிற குறடு. இரண்டு துளைகளுக்கு நடுவே மார்க்கரால் புள்ளி வைத்து (பென்சில் வேண்டாம், அதிலுள்ள கிராபைட் அலுமினியத்தை அரிக்கும்) அந்த இடத்தில் மட்டும் மெதுவாக ஒரு நெரி. பள்ளம் உள்பக்கமாக, வெளித்தகட்டை விட்டு விலகி விழ வேண்டும். ஒவ்வொரு பள்ளமும் விளிம்பைக் கொஞ்சம் சுருக்கும், வளைவு நேராகும். ஒரே இடத்தில் ஆழமாக அமுக்காமல் ஒரு சுற்று எல்லா இடத்திலும் லேசாகப் போய், மேசையில் வைத்துப் பார்த்து, அப்புறம் அடுத்த சுற்று. கூடிப்போனால் பயமில்லை, தட்டைக் குறட்டால் பள்ளத்தை லேசாக அமுக்கினால் விளிம்பு திரும்ப நீளும். அவசரப்படாமல் செய்தால் மனதுக்கு நிறைவான வேலை இது.

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் கராஜ் வைத்திருக்கிற, காரின் நெளிந்த தகட்டை நேராக்குவதில் கை தேர்ந்த டின்கரிங் பாஸ்மாரை உதவிக்குக் கூப்பிடுபவர்கள் உண்டு. அவர்களின் கண் அபாரமானது, வளைவைத் தூரத்திலிருந்தே காட்டிவிடுவார்கள். ஆனால் சுத்தியலால் தட்டிச் சரிசெய்வது காருக்குச் சரி, இங்கே தட்டத் தட்ட உலோகம் விரியும், துளைகளுக்கு இடையிலான தூரம் மாறிவிடும். அதை முதலே கதைத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் பொருந்தாவிட்டால் உடல் முறுகியிருக்கிறது. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள், முன்முனையில் குறுக்கே ஒரு நீர்மட்டம், வால்முனையில் குறுக்கே ஒன்று வையுங்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும் என்றில்லை, கொழும்பில் வாடகைக்கு எடுக்கிற எந்த கராஜின் தரை மட்டமாக இருக்கிறது, இரண்டு முனையும் ஒரே மாதிரிக் காட்டினால் போதும்.

இன்னொன்று, வெயில். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் வாசல் பக்கம் சாய்த்து வைத்த தகடும் உள்ளே நிழலில் நிற்கிற சட்டமும் ஒரே வெப்பநிலையில் இருக்காது. 2.4 மீட்டர் அலுமினியத் தகடு 15 பாகை செல்சியஸ் கூடச் சூடானால் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் நீளும். 1/8 அங்குல ரிவெட்டுக்கும் அதன் துளைக்கும் இடையில் இருக்கிற இடைவெளியே 0.1 மில்லிமீட்டருக்குள்தான். ஆகவே நீளமான தகடுகளை முதல் நாள் இரவே உள்ளே வைத்து, காலையில் பொருத்துங்கள்.

ட்ரில் அலகும் பார்க்க வேண்டும். கொழும்பு பழைய சோனகத் தெருக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவு. 3/32 அங்குல ரிவெட்டுக்கான 40ஆம் எண் ட்ரில்லுக்குப் பதில் 2.5 மில்லிமீட்டர் ஏறக்குறைய சரியாக வரும். 1/8க்கான 30ஆம் எண் 3.26 மில்லிமீட்டர், கடையில் 3.2 இறுக்கம், 3.3 தளர்வு. இந்த 30ஆம் எண்ணை மட்டும் கிட்டோடு சேர்த்து வரவழைத்துவிடுங்கள், முடிந்தால் ரீமராகவே (துளையைச் சீவி அளவாக்குகிற அலகு). மெல்லிய தகட்டில் ட்ரில் முக்கோணம் போலத் துளைக்கும், ரீமர் வட்டமாகவே எடுக்கும்.

எல்லாம் நேரான பிறகும் மயிரிழை விலகல் இருந்தால், பக்கத்துத் துளைகளில் கிளீக்கோ போட்டுவிட்டு குத்தூசியை விட்டு மெல்லச் சேர்க்கலாம். பலம் கொடுக்க வேண்டி வந்தால் நிறுத்துங்கள், இன்னும் கண்டுபிடிக்காத காரணம் ஒன்று இருக்கிறது. இரண்டு தகடுகளுக்கிடையில் இடைவெளி மிஞ்சினால் ரிவெட்டால் இழுத்து மூடாதீர்கள், அந்த இழுவிசை தகட்டுக்குள் தங்கி நாளடைவில் வெடிப்பாகும். அதே கலப்புலோகத்தில் ஒரு மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்புகிற தகட்டுத் துண்டு) வெட்டி வைப்பதுதான் முறை, எவ்வளவு தடிப்பு வரை அனுமதி என்பதை உற்பத்தியாளரிடம் கேளுங்கள்.

துளை ஏற்கனவே முட்டை வடிவமாகிவிட்டால் அடுத்த அளவு ரிவெட்டுக்குப் போகலாம், ஆனால் விளிம்புத் தூரம் இருக்க வேண்டும். துளையின் நடுவிலிருந்து தகட்டு விளிம்பு வரை ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்கு என்பதுதான் வழக்கமான கணக்கு. 1/8க்கு 6.35 மில்லிமீட்டர், 5/32க்கு ஏறக்குறைய 8. இப்போது 6.5 தான் இருக்கிறது என்றால் பெருப்பிக்க வழியில்லை.

பிரித்துப் பிரித்துப் பொருத்துகிற காலத்தில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. கையுறை போடுங்கள், துளைத்துப் பிசிறு எடுத்த பகுதிகளுக்கு அரிப்பைத் தடுக்கிற பிரைமர் பூசுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பெருப்பிக்க முடியாத துளை, அனுமதி தெரியாத ஷிம், புரியாத விலகல் எதுவானாலும் உற்பத்தியாளருக்கு எழுதுங்கள். பகுதி எண், துளை வரிசையில் எத்தனையாவது, விளிம்புத் தூரம், அளவுகோல் பக்கத்தில் தெரியும்படி எடுத்த படம் எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். வருகிற பதிலை அச்சடித்துக் கட்டுமானக் குறிப்பேட்டில் ஒட்டிவிடுங்கள், பரிசோதிக்க வருபவர் அந்த இடத்தைக் கட்டாயம் கேட்பார்.