ஐ3-2100 இருந்த இடத்தில் ஐ5-3470: பழைய டெஸ்க்டாப்புக்குப் புது வேகம்

எச்61 மதர்போர்டில் இன்டெல் ஐ3-2100 பிராசசர் ஓடுகிறதென்றால், அதே 1155 சாக்கெட்டில் (சிப் உட்காரும் இடம்) ஐ5-3470 உட்காரும். இரண்டு கோர் நான்காகும். 1150, 1156 சிப்புகள் பொருந்தாது. விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள்.

முதல் வேலை பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே முடியுங்கள். பல எச்61 போர்டுகளுக்குப் பழைய பயாஸில் ஐ5-3470 போன்ற மூன்றாம் தலைமுறை சிப்பை அடையாளம் தெரியாது. திரை கருப்பாகவே நிற்கும். பலர் சிப் பழுது என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான். போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் ஏற்கும் சிபியு (பிராசசர்) பட்டியலைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். சூட்டில், சிப்புக்கும் அதன் மேலுள்ள கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பேஸ்ட் இளகி, கூலர் சுலபமாக வரும். கூலரின் நான்கு பின்களையும் அம்புக்குறிப் பக்கம் திருப்பி மேலே இழுங்கள்.

சாக்கெட் லீவரைத் தூக்கிப் பழைய சிப்பை எடுங்கள். உள்ளே முடியளவு ஊசிகள். விரல் படவே கூடாது. ஒன்று வளைந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம். புது சிப்பின் இரு பள்ளங்களும் சாக்கெட் மேடுகளோடு சேரும்படி வையுங்கள், அழுத்தாதீர்கள். லீவரை இறக்கும்போது நறநறவென்று சத்தம் வரும், அது இயல்பு.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, சிப்பின் நடுவில் சிறு பட்டாணி அளவு புதுசு வையுங்கள். திருப்பிய பின்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, கூலரை எதிரெதிர் மூலையாக 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். ஃபேன் ஒயரை மாட்டுங்கள். சும்மா இருக்கும்போதே சூடு 80 டிகிரியைத் தொட்டால், ஏதோ ஒரு பின் பிடிக்கவில்லை. உடனே அணைத்து மறுபடி மாட்டுங்கள்.